தேதியே தலைப்பான ஓவியங்கள்

அவையோர்க்கு வணக்கம்.

ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியின் நிலக்காட்சிகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அழைப்பிதழில் 'டிஜிட்டல் ஓவியம்' என்று போட்டிருந்ததைப் பார்த்த நண்பர் ஒருவர், "பட்டனைத் தட்டினால் மரம் வந்துவிடும். அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இந்தப் பேச்சு முதலில் அவருக்கு, பிறகுதான் உங்களுக்கு.

2012 ஜனவரியில் லண்டன் ராயல் அகாடமி கலைக்கூடத்தில் ஹாக்னியின் நிலக்காட்சிக் கண்காட்சி திறந்தது. அதில் ஒரு தொகுதி முழுக்க ஒரே செய்தி: கிழக்கு யார்க்‌ஷயரில் வோல்ட்கேட் என்னும் நாட்டுப்புறச் சாலைக்கு 2011இல் இளவேனில் வந்து சேர்ந்தது. ஐபேடில் வரைந்து காகிதத்தில் அச்சிட்ட 51 படங்கள். கூடவே 32 கித்தான்களை ஒட்டவைத்த ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியம். படங்களின் தலைப்புகள் எப்படித் தெரியுமா? ஜனவரி 2. மே 4. மே 31. இடத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் பொது. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது தேதிதான்.

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்பது நம் அகத்திணை இலக்கணம். முல்லை என்றால் காடு மட்டும் போதாது. கார்காலம் வேண்டும், மாலை வேண்டும். ஐரோப்பிய ஓவியரும் இதை அறியாதவர் அல்லர். பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோல் போர்களை வெவ்வேறு வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப வரைந்தவர். ஆனால் எண்ணெய் வண்ணத்துக்குப் பொழுதைத் துரத்தும் வேகம் கிடையாது. காய நாள் பிடிக்கும். ஈரத்தின் மேல் இன்னொரு நிறத்தைப் பூசினால் இரண்டும் கலங்கிப்போகும். மேகம் அதுவரை காத்திருக்குமா?

ஹாக்னி முதலில் ஐபோனில் விரலால் வரைந்தார். பிரிட்லிங்டன் கடற்கரை ஊரில், படுக்கையில் இருந்தபடியே சன்னலுக்கு வெளியே விடியலை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விடியலுக்கு முந்தைய இருட்டில் காகிதத்தில் வரைய வேண்டுமானால் விளக்கைப் போட வேண்டும்; போட்டால் வெளியே இருக்கும் இருட்டு போய்விடும். திரையோ தானே ஒளிர்கிறது. வைகறை என்ற சிறுபொழுதை அது நடக்கும்போதே வரையக் கருவி கிடைத்துவிட்டது.

2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். ஓவியப் புத்தகம் வைக்கவென்று அவருடைய கோட்டுகளில் ஏற்கெனவே பெரிய உள்பை தைத்திருந்தார்கள். ஐபேட் பலகை அதற்குள் பொருந்திவிட்டது. தையல்காரர் தீர்க்கதரிசி!

இந்தப் படங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து அங்குலம்கூட இல்லாத திரையில் வரைந்ததை நாலரை அடி உயரத்துக்கு அச்சிட்டிருக்கிறார்கள். கிட்டப் போனால் தோல் தெரியாது. தூரிகை மயிரின் தடமோ, வண்ணத்தின் மேடு பள்ளமோ எதுவும் இல்லை. ஒரே கனத்தில் ஓடும் கோடுகள், மென்பொருள் தந்த புள்ளிகளை அள்ளித் தெளித்த புல். சில படங்களில் அந்தப் புல் முத்திரை குத்தியதுபோலவே நிற்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பத்தடி பின்வாங்கினால் புள்ளிகள் ஒன்றுகூடி ஈரமாகின்றன. போன படத்தில் மொட்டையாக நின்ற அதே மரத்தில் துளிர் தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் சுமார் என்று தோன்றும் படம்கூட வரிசையில் நின்றதும் பேசத் தொடங்குகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? 1937இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர், பல ஆண்டுகளைக் கலிபோர்னியாவில் கழித்தார். அங்கே வெயில் உண்டு. பருவங்கள் முகம் மாறுவது குறைவு. இளவேனில் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். வட இங்கிலாந்தில் அது பனி விலகி, வெறுங்கிளை துளிர்த்து, முட்புதரான ஹாதார்ன் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும் காலம். அந்தப் பூ நெடுநாள் நிற்காது. அசந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

2020இல் ஊரடங்கின்போது அவர் பிரான்சின் நார்மண்டியில் இருந்தார். வெளியே போக முடியாத அந்த இளவேனிலைத் தம் வீட்டைச் சுற்றியே வரைந்தார். அவற்றில் 116 படங்கள் மறு ஆண்டு ராயல் அகாடமிக்கு வந்தன. அதே 2021இல் பாரிஸின் ஓரான்ஜெரி அருங்காட்சியகத்தில், நார்மண்டியின் ஓராண்டை ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டையாக வைத்தார்கள். மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இருக்கும் அதே கட்டிடம். நார்மண்டியின் பாயோ நகரத்துக்குரிய நீண்ட பழந்துணிச் சித்திரத்தின் தூண்டுதல் அதில் உண்டு. ஓரிடத்தில் நின்று அதைப் பார்க்க முடியாது. நடக்க வேண்டும். நாம் நடக்க நடக்கக் கார்காலம் போய்க் கூதிர்காலம் வருகிறது.

இனி நண்பரின் பட்டனுக்கு வருகிறேன். ஹாக்னி பயன்படுத்திய மென்பொருள் ஒவ்வொரு கோட்டையும் நினைவில் வைத்துக்கொண்டு, வரைந்த வரிசையிலேயே திரும்ப ஓட்டிக் காட்டும். எந்தக் கோட்டை முதலில் போட்டார், எதை அழித்தார், எங்கே மனம் மாறினார் என்பதெல்லாம் அதில் அகப்பட்டுவிடும். கித்தானில் மூடி மறைந்துவிடும் தயக்கங்கள் இவை. இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறேன். அப்படி ஓடும் ஒரு படத்தைப் பார்ப்போம். தொடக்கத்தில் திரை வெறுமையாகத்தான் இருக்கும். கருவி பழுது என்று யாரும் எழுந்துவிட வேண்டாம்.