ஏசி போட அஞ்சு தடவை ஸ்க்ரீனைத் தொடணுமா? | செம கடுப்பு வீடியோ

வணக்கம் மக்களே. இன்னிக்கு ட்ரோன் ஷாட் கிடையாது, பேக்ரவுண்ட் மியூசிக் கிடையாது, நம்ம கார் கருப்பன் உள்ளயே உக்காந்து பேசறேன். வெளிய மழை, கூரைல சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க.

நம்ம மாமாவுக்கு வண்டி தேடிட்டு இருக்கறது உங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரர். பட்ஜெட் 18 லட்சம்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு ஷோரூம்லயும் ஒரு லட்சம் ஏத்திக்கிட்டே போறாரே, அவரேதான். சனிக்கிழமை ஒரு புது எஸ்யூவி டெஸ்ட் டிரைவ் போனோம். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன். கமென்ட்ல கண்டுபிடிச்சாலும் லைக் போட மாட்டேன்.

ஓ.எம்.ஆர்., நல்ல மழை, உள்ள நாலு பேர். நாலு பேர் மூச்சு விட்டா என்ன ஆகும்? முன் கண்ணாடி பூரா ஆவி. நம்ம கருப்பன்ல இதுக்கு ஒரு நாப், கண்ணை மூடிட்டு வலது பக்கம் திருகினா வேலை முடிஞ்சுது. இந்த வண்டில நாப் இல்ல. பட்டனும் இல்ல. ஸ்க்ரீன்ல கீழ ஒரு சின்ன விசிறி படம். அதைத் தொட்டா ஏசி பேஜ் வரும். வந்துச்சு. அதுல கண்ணாடி படத்தைத் தேடி விரலை நீட்டறேன், சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு பள்ளம், டொக்குனு இறங்குச்சு. விரல் போய் பக்கத்துல இருந்த சீட் படத்துல பட்டுச்சு. சீட்டுக்குள்ள இருந்து ஜில்லுனு காத்து. மழைல நனைஞ்ச பேன்ட், கீழ இருந்து குளிர்காத்து, எதிர்ல ஒண்ணும் தெரியல, பின்னாடி மாநகர பஸ் ஹாரன் அடிக்கிறான்.

பக்கத்து சீட்ல ஷோரூம் தம்பி. பாவம் நல்ல பையன். "சார், எதுக்கு சார் தொடறீங்க, வாய்ஸ் கமாண்ட் இருக்கு சார், சும்மா சொல்லுங்க"ங்கறான். சொன்னேன். "ஃப்ரன்ட் டீஃபாக் ஆன்". வண்டி அழகா ஒரு பொண்ணு குரல்ல "பிரவீன் டி.எல். அவர்களை அழைக்கிறேன்"னு சொல்லுது! தம்பியோட போன்தான் ப்ளூடூத்ல இருந்திருக்கு. அவங்க டீம் லீடர் ஸ்பீக்கர்ல வந்து "டேய், கஸ்டமர் புக் பண்ணாரா இல்லையா"ன்னு கேக்கறாரு. மாமா பின்னாடி இருந்து, "இன்னும் கண்ணாடியே தெரியல சார், அதுக்குள்ள எப்படி புக் பண்றது"ன்னாரு. கடைசில எப்படி சரி பண்ணேன்? ஜன்னலை இறக்கி விட்டேன்!

எல்லாரும் ஸ்க்ரீன் வெக்கறது ஸ்டைலுக்குன்னு நினைக்கறாங்க. அதுவும் உண்டு, 2012-ல டெஸ்லா மாடல் எஸ் 17 இஞ்ச் ஸ்க்ரீனோட வந்தப்ப மத்த கம்பெனிங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டுப் பாத்தாங்க. ஆனா அடில இருக்கற கணக்கு வேற. ஒரு பட்டன்னா அதுக்கு அச்சு போடணும், ஸ்விட்ச் வெக்கணும், ஒயர் இழுக்கணும், ஆயிரக்கணக்கான தடவை அமுக்கி டெஸ்ட் பண்ணணும். அதையே ஸ்க்ரீன்ல ஒரு படமா போட்டா சாஃப்ட்வேர் வேலையோட முடிஞ்சுது. கம்பெனிக்கு மிச்சம். அதை நமக்கு "ப்ரீமியம் கேபின்"னு சொல்லி விக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இதை அளந்தே பாத்திருக்காங்க. 2022-ல ஸ்வீடன்ல வி பிலேகரேன்னு ஒரு கார் பத்திரிகை, மணிக்கு 110 கிலோமீட்டர் ஸ்பீடுல வண்டிய ஓட்டிக்கிட்டே நாலு வேலை செய்யச் சொன்னாங்க. சீட் ஹீட்டர், டெம்பரேச்சர், கண்ணாடி டீஃப்ராஸ்ட் ஒரு செட்டு. ரேடியோ போட்டு ஒரு ஸ்டேஷன் வெக்கறது இன்னொண்ணு. ட்ரிப் மீட்டரை ரீசெட் பண்றது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைச்சு நடு ஸ்க்ரீனை ஆஃப் பண்றதுன்னு மீதி. புது வண்டிங்களோட ஒரே ஒரு பழைய வண்டி, 2005 மாடல் வால்வோ வி70, பூரா பட்டன். யார் ஜெயிச்சிருப்பாங்க? கிழவன்தான்! 10 செகண்ட்ல எல்லாம் முடிஞ்சுது. கடைசி இடம் எம்.ஜி. மார்வெல் ஆர், 44.6 செகண்ட். அந்த ஸ்பீடுல அவ்ளோ நேரத்துல வண்டி ஓடியிருக்கற தூரம் ஒண்ணேகால் கிலோமீட்டருக்கும் மேல. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்ல ஒண்ணேகால் கிலோமீட்டருக்குள்ள மாடு வரும், ராங் சைடுல ஷேர் ஆட்டோ வரும், கல்யாண ஊர்வலமே வரும்.

ஐரோப்பால காருக்கு சேஃப்டி ஸ்டார் கொடுக்கற யூரோ என்கேப் இருக்காங்கல்ல, அவங்க 2026-ல இருந்து ஸ்ட்ரிக்ட் ஆயிட்டாங்க. இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹாரன், அவசரத்துக்கு போன் போடற பட்டன் எல்லாம் கைக்குத் தட்டுப்படற மாதிரி தனியா இல்லன்னா மார்க் போச்சு, ஃபைவ் ஸ்டார் கஷ்டம். ஃபோக்ஸ்வாகன்காரங்களும் திருந்திட்டாங்க. கோல்ஃப் 8-ல டெம்பரேச்சருக்கு ஒரு தடவுற பட்டை வெச்சிருந்தாங்களே, ராத்திரில அதுல லைட் கூட எரியாது, அதுக்கு உலகமே காறித் துப்புச்சு. இப்ப அவங்க டிசைன் தலைவர் ஆண்ட்ரியாஸ் மின்ட், இது கார், போன் இல்லன்னு அவரே சொல்லிட்டு பட்டனைத் திரும்பக் கொண்டு வராரு. இதைத்தானே நான் முதல்ல இருந்து சொல்லிட்டு இருக்கேன்!

நம்ம ஊர்ல இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டது ஹோண்டா சிட்டி. 2014-ல வந்த சிட்டி ஞாபகம் இருக்கா? ஏசிக்கு டச் பேனல் வெச்சு பயங்கரமா விளம்பரம் பண்ணாங்க. 2020-ல அடுத்த சிட்டி வந்தப்ப சத்தமே இல்லாம அதைத் தூக்கிட்டு வட்ட நாப் வெச்சுட்டாங்க. திருகினா 'க்ளிக் க்ளிக்'னு ஒரு சத்தம், ஒவ்வொரு க்ளிக்கும் விரல்ல தெரியும். புது ஸ்கோடா கோடியாக்ல நாப் நடுவுலயே குட்டி ஸ்க்ரீன் வெச்சிருக்கான், திருகவும் செய்யலாம், அமுக்கினா வேலையும் மாறும். அந்த மூளைக்கு சலாம். ஆனா விலை? நமக்குக் கனவுலதான்.

இந்தப் பக்கம் வின்ஃபாஸ்ட், வியட்நாம் எலக்ட்ரிக் கார் கம்பெனி. 2025 ஆகஸ்ட்ல தூத்துக்குடில ஃபேக்டரி திறந்தாங்க, நம்ம ஊர்ல கார் அசெம்பிள் ஆகறது எனக்குப் பெருமைதான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. அவங்க வி.எஃப்.7 கார் வெளிய இருந்து பாத்தா சிலை மாதிரி இருக்கு. ஆனா ஸ்டியரிங் பின்னாடி மீட்டரே கிடையாதுய்யா! ஸ்பீடு பாக்க நடு ஸ்க்ரீனைப் பாக்கணும், இல்ல எதிர்ல கண்ணாடில தெரியற டிஸ்ப்ளேவைப் பாக்கணும். எனக்கு மீட்டர் இருக்க வேண்டிய இடத்துல மீட்டர் இருக்கணும். பழைய ஆளுன்னு சொல்லுங்க, பரவால்ல.

இருங்க, முக்கியமான மேட்டரை விட்டுட்டேன். கருப்பன் ஏசி நாப். போன மாசம் வீடியோல இடுக்கி வெச்சு ஏசி திருகினேனே, அந்த நாப் உடைஞ்ச கதை. சர்வீஸ் சென்டர்ல கேட்டா நாப் தனியா வராதாம், "அசெம்பிளியா மாத்தணும் சார்", 4,800 ரூபா, ஆர்டர் போட்டு மூணு வாரம். ஒரு பிளாஸ்டிக் வட்டத்துக்கு 4,800! அந்தக் காசுல கருப்பனுக்கு இன்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாம் மாத்திட்டு பிரியாணியும் சாப்பிடுவேன்.

நேரா புதுப்பேட்டை. சென்னைல இருந்துட்டு புதுப்பேட்டை போகாதவங்க இருந்தா அன்சப்ஸ்க்ரைப் பண்ணிடுங்க, சும்மா சொன்னேன், பண்ணாதீங்க. ஒரு சந்து பூரா கதவு, அடுத்த சந்து பூரா ஹெட்லைட், கால் வைக்கற இடமெல்லாம் கிரீஸ். நாலு கடை ஏறி இறங்கினேன். அஞ்சாவது கடைல ஒரு பாய், நான் உடைஞ்ச நாப்பைக் காட்டறேன், வாங்கிக்கூடப் பாக்கல. பின்னாடி திரும்பி ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள்ள கைய விட்டாரு. உள்ள பூரா நாப்பு, நூறு இருக்கும். பாக்காமலே விரலாலயே தடவித் தடவி ஒண்ணு எடுத்து நீட்டறாரு. பின்பக்கம் தண்டு நுழையற ஓட்டை டி ஷேப்ல இருக்கணும், அதான் கருப்பனோடது. அதேதான்! நானூறுன்னாரு. நான் நூறுன்னேன். "சார், நூறுக்கு டீ கூட வராது". "பாய், எந்தக் கடைல நூறு ரூபாய்க்கு டீ விக்கறாங்க, கூட்டிட்டுப் போங்க". அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. 150-ல முடிஞ்சுது. ஜிபே பண்ணிட்டு சந்துலயே உக்காந்து மாட்டினேன். இதோ பாருங்க, கேமராவைக் கிட்ட காட்டறேன்... கேட்டுச்சா? க்ளிக். மறுபடி கேளுங்க. க்ளிக். கலர் லேசா வெளுத்திருக்கு, மத்த ரெண்டு நாப் கருப்பு, இது சாம்பல். இருந்துட்டுப் போகட்டும். 4,650 ரூபா மிச்சம் மக்களே!

மாமா இதைப் பாத்துட்டு, "மாப்ள, நீ எடுக்கச் சொல்ற வண்டிக்கு பத்து வருஷம் கழிச்சு ஸ்க்ரீன் போச்சுன்னா புதுப்பேட்டைல டப்பாவுக்குள்ள கிடைக்குமா"ன்னு கேட்டாரு. மனுஷன் ஒரு வருஷத்துல கேட்ட முதல் நல்ல கேள்வி. நாப் உடைஞ்சா நாப் மட்டும் போகுது. ஸ்க்ரீன் போனா ஏசி, பாட்டு, ரிவர்ஸ் கேமரா எல்லாம் சேர்ந்து போகும்.

பின்னாடி லைட்டும் இதே கதைதான். நெக்ஸான், கிரெட்டா, செல்டோஸ், கர்வ், எதை எடுத்தாலும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சிவப்புக் கோடு. ராத்திரி டோல்கேட்ல முன்னாடி நிக்கறது எந்த வண்டின்னே தெரியல. முன்னெல்லாம் இருட்டுல பின்லைட்டைப் பாத்தே இது ஸ்விஃப்ட், இது இண்டிகான்னு சொல்லுவோம். என் ஃபிரண்டு வண்டில பைக் ஒருத்தன் லேசா இடிச்சான், டிக்கி மேல இருக்கற நடு பட்டை மட்டும் கீறல். முழுசா மாத்தணும்னுட்டாங்க. இன்சூரன்ஸ் இருந்ததால தப்பிச்சான். அதுக்காக எல்லாத்தையும் திட்டல. டாடாவோட புது சியரா டிசைன் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. 1991 சியராவோட அந்தப் பின்பக்க வளைஞ்ச கண்ணாடியை அப்படியே கொண்டு வர முடியாது, ஆனா அந்த லுக்கை ஒரு கருப்புப் பட்டைல வரவெச்சிருக்காங்க பாருங்க, அது ரசனை.

வெள்ளை சீட்? வேணாம். நம்ம ஊர் வேர்வை, புது ஜீன்ஸ் சாயம், பின் சீட்ல குழந்தை கையில சாக்லேட். ஷோரூம்ல மட்டும்தான் அது வெள்ளை. பளபள கருப்பு பிளாஸ்டிக் அதைவிட மோசம், தொட்டா கைரேகை, துடைச்சா கீறல். பனோரமிக் சன்ரூஃப்? மே மாசம் மத்தியானம் அண்ணா சாலை சிக்னல்ல உக்காந்து பாருங்க. ஆனா சீட்டுக்குள்ள காத்து வர மேட்டர் மட்டும் சென்னைக்குன்னே கண்டுபிடிச்சது, மழை நாள் தவிர!

இன்ஜின் பத்திக் கேட்டிருந்தீங்க, சுருக்கமா சொல்லிடறேன். 2024 மே மாசம் வந்த ஸ்விஃப்ட்ல நாலு சிலிண்டரை எடுத்துட்டு மூணு வெச்சாங்க. பவர் 90 பி.எஸ். இருந்தது 82 ஆச்சு, மைலேஜ் மேனுவல்ல 24.8-ன்னு போடறாங்க. நாலு சிலிண்டர்ல கிராங்க், அதான் இன்ஜின் உள்ள சுத்தற தண்டு, அரைச் சுத்து சுத்தறதுக்குள்ள ஒரு வெடி, மூணுல 240 டிகிரிக்கு ஒண்ணு. அந்த இடைவெளிதான் சிக்னல்ல நிக்கறப்ப ஸ்டியரிங்ல கிர்ர்ர்னு வருது. டவுனுக்குள்ள மைலேஜ் வேணும்னா தாராளமா எடுங்க, ஏசிக்கு தனி நாப் பட்டன் இருக்கு, அதுக்கே என் ஓட்டு. ஆனா அந்தப் பழைய நாலு சிலிண்டர் கே12 இன்ஜினை ஏலகிரி வளைவுல ரெண்டாவது கியர்ல முறுக்கி ஓட்டினவன் மறக்க மாட்டான். காசு இருந்தா கிரெட்டா 1.5 டர்போ, 160 பி.எஸ். பவர், 253 என்.எம். டார்க், நாலு சிலிண்டர், இருங்காட்டுக்கோட்டைல செஞ்சது. கிளட்ச்சோட, மேனுவல் கியர்ல அந்த இன்ஜின் எனக்கு வேணும், கொடுக்கவே மாட்டேங்கறாங்க. 'என் லைன்'னு வர ஸ்போர்ட்டி கிரெட்டாவுல கொடுக்கறாங்களேன்னு யாராவது திருத்த வர முன்னாடி சொல்லிடறேன், நான் கேக்கறது சாதா கிரெட்டாவுல.

மாமா என்ன வண்டி எடுத்தாருன்னு கேக்காதீங்க, இன்னும் எடுக்கல. நேத்து ராத்திரி பட்ஜெட் 22-ன்னு மெசேஜ் அனுப்பிருக்காரு, கூடவே எலக்ட்ரிக் பாக்கலாமான்னு ஒரு கேள்வி. அக்காவுக்கு இது தெரியாது. அக்கா நம்ம சேனல் பாக்கறதில்லன்னு நம்பித்தான் இதைச் சொல்றேன். ஷோரூம்ல முதல்ல ஏசியைக் கண்ணை மூடிட்டு போட்டுப் பாருங்க, முடியலன்னா அந்த மாடல் பேரை கமென்ட்ல போடுங்க. மழை விட்டுடுச்சு, நான் டீ குடிக்கப் போறேன்.