ரெண்டரை செகண்டுக்கு முன்னாடி வந்தா நம்பாதீங்க

நேயர்களுக்கு வணக்கம். ஹாம் ரேடியோக்காரங்க, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறவங்க, மூன் பௌன்ஸ்னு ஒண்ணு சொல்லுவாங்க, அதாவது சிக்னலை நிலா மேல அடிச்சு, பட்டுத் திரும்பி வர்றதைக் கேக்குறது. ஆன்டெனா எவ்வளவு பெருசு, பவர் எவ்வளவுன்னுதான் எல்லாரும் விசாரிப்பாங்க, என்னைக் கேட்டா கடிகாரம்தான் முக்கியம்பேன்.

நான் முதமுதல்ல ட்ரை பண்ணப்ப மோர்ஸ் கீயை ஒரு தட்டு தட்டிட்டு விட்டேன், விட்ட உடனே ஹெட்போன்ல "டிக்"னு கேட்டுச்சு, வந்துருச்சுன்னு குதிச்சேன். பாத்தா அது என் ரேடியோவுக்குள்ள இருக்கற ரிலேங்கிற சுவிட்ச், அனுப்புறதுல இருந்து கேக்குறதுக்கு மாறுறப்ப போட்ட சத்தம்! ரேடியோ அலை செகண்டுக்கு கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுது, நிலா சராசரியா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, போக வர ரெண்டரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். எனக்கு அரை செகண்ட் கூட ஆகல.

அந்த ரெண்டரையும் ஒரே இடத்துல நிக்காது. 3,84,400ங்கிறது பூமியோட நடுவுல இருந்து நிலாவோட நடு வரைக்கும், ஆனா நாம நிக்கிறது பூமிக்கு மேல, சிக்னல் படுறதும் நிலாவோட இந்தப் பக்கத்துலதான். அதனால சராசரி தூரத்துல நிலா உதிக்கிறப்ப 2.55 செகண்ட்னா உச்சிக்கு வந்ததும் 2.51, ஏன்னா பூமி சுத்துறதுல நாமளே ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கிட்டப் போயிருப்போம். நிலாவோட பாதை வேற சரியான வட்டம் இல்ல, ரொம்பக் கிட்ட வர்ற நாள்ல 2.3 வரை இறங்கும், தள்ளிப் போனா 2.7.

1946 ஜனவரி 10, அமெரிக்க ராணுவத்தோட சிக்னல் பிரிவு நியூ ஜெர்சியில இருந்து 111.5 மெகாஹெர்ட்ஸ்ல கால் செகண்ட் துடிப்பா அனுப்பி எதிரொலியைப் பிடிச்சாங்க. அவங்க ஆன்டெனாவை மேல தூக்க முடியாது, நிலா உதிக்கிறப்பவும் மறையிறப்பவும்தான் வேலை. ஆனா எனக்குப் பிடிச்சது அடுத்த மாசமே ஹங்கேரியில ஸோல்டான் பாய் பண்ணதுதான். அவர்கிட்ட இருந்த ரிசீவர்ல எதிரொலி இரைச்சலுக்குள்ள புதைஞ்சு கிடக்கு, காதால கேக்க வழியே இல்ல, அதனால துடிப்பு அனுப்பின நேரத்துல இருந்து வரிசையா ஒவ்வொரு நேரத்துண்டுக்கும் ஒரு மின்பகுப்புக் குழாய்னு வச்சு (கரண்ட் எவ்வளவு பாயுதோ அந்த அளவுக்கு அதுல ஹைட்ரஜன் சேரும்), திரும்பத் திரும்ப அனுப்பி, எந்தக் குழாய்ல ஹைட்ரஜன் கூடுதலா சேருதுன்னு பாத்தார். எதிரொலி வரவேண்டிய நேரத்துக்கான குழாய்ல கூடுதலா சேந்துச்சு. இரைச்சல் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் விழும், எதிரொலி மட்டும் நேரம் தவறாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்ப அந்த வேலையை கம்ப்யூட்டர் பண்ணுது. புது வகைப் பல்சரை (துடிப்பு துடிப்பா ரேடியோ அலை வர்ற நட்சத்திரம்) கண்டுபிடிச்சதுக்காக 1993ல நோபல் வாங்கின ஜோ டெய்லர் உருவாக்கின ஜேடி65ங்கிற டிஜிட்டல் முறையில ஒரு நிமிஷம் நாம அனுப்பணும், அடுத்த நிமிஷம் எதிர்ல இருக்கறவர் அனுப்புவார், காதுக்கே எட்டாத சிக்னலையும் அது படிச்சிடும், ஆனா ரெண்டு பேர் கடிகாரமும் ஒத்துப்போகணும். ஒரு ராத்திரி ஆன்டெனாவை நிலா மேல வச்சுட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கேன், ஒரு எழுத்து வரல, கேபிளைக் கழட்டிப் பாத்தேன், சிக்னலைப் பெருக்குற ப்ரீஆம்ப்பை மாத்தினேன், கடைசியில கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரேயடியா பிசகிக் கிடக்கு! சரி பண்ண அடுத்த ரவுண்ட்லயே ஒரு கால்சைன், அதாவது இன்னொரு ஹாமோட அடையாளக் குறி, வந்து விழுந்துச்சு, நான் பதில் அனுப்புறதுக்குள்ள நிலா மறைஞ்சுடுச்சு.