சாப்பாட்டுப் படமும் சப்பென்ற படமும்

நடுவர் அவர்களே, வணக்கம். புகைப்படங்களை வைத்துப் பார்த்தால் கட்டட வேலையில் கெட்டிக்காரர்கள் அன்றைய ஆட்களா, இன்றைய ஆட்களா? நான் இன்றைய ஆட்கள் பக்கம்.

எதிரணித் தலைவர் வந்ததும் வராததுமாக அந்தப் பிரபலமான படத்தைத் திரையில் போட்டார். 1932 செப்டம்பர், நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர். 69-வது மாடி உயரத்தில் ஓர் இரும்பு உத்தரம். பதினோரு பேர் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுகிறார்கள். “இந்த நெஞ்சுரம் இன்றைக்கு யாருக்கு?” என்றார், கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஐயா, அது கட்டடத்துக்கு விளம்பரம் தேட ஏற்பாடு செய்து எடுத்த படம். ஆட்கள் நிஜம், உயரமும் நிஜம். ஆனால் அது பெருமந்தக் காலம். அமெரிக்காவில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. “பாதுகாப்பு பெல்ட் கொடுத்தால்தான் ஏறுவேன்” என்று சொல்லிப் பார்க்கட்டுமே, வாசலில் அடுத்த ஆள் தயாராக நிற்பான்!

திறமை இல்லை என்று சொல்ல நான் யார்? எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களைப் பாருங்கள். ரிவெட் அடிக்க நாலு பேர் கொண்ட குழு. ஒருவர் ஆணியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி இடுக்கியால் எறிவார். அடுத்தவர் அதைத் தகர டப்பாவில் பிடித்து ஓட்டையில் சொருகுவார். மூன்றாமவர் ஒரு பக்கம் முட்டுக் கொடுக்க, நாலாமவர் மறுபக்கம் காற்றுச் சுத்தியலால் அடிப்பார். 102 மாடியை 410 நாளில் எழுப்பிய கைகள்; கும்பிடுகிறேன். தலையில் என்ன? துணித்தொப்பி!

சரி, அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்பீர்கள். இருந்ததே! அதே முப்பதுகளில் சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது, அதன் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அடியில் வலை கட்டினார். தவறி விழுந்த 19 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் தங்களுக்கு ‘நரகத்துக்குப் பாதி வழி சங்கம்’ என்று பெயரே வைத்துக்கொண்டார்கள்.

இன்றைய படம் சப்பென்று இருக்கிறதாம். ஹெல்மெட், பெல்ட், கயிறு. முகம்கூடச் சரியாகத் தெரியவில்லையாம். இருக்கட்டுமே! 2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் மைதானங்கள் கட்டியபோது விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறென்ன வேண்டும்?

“நம் ஊர்ச் சாரத்தில் இன்னும் ரப்பர் செருப்போடுதானே ஏறுகிறார்கள்?” என்று அடுத்து வருபவர் கேட்பார், தெரியும். அது ஏறுகிறவர் குற்றமில்லை நடுவர் அவர்களே. பெல்ட் வாங்கிக் கொடுக்காத கான்ட்ராக்டர் இன்னும் 1932-லேயே இருக்கிறார். அவரை எதிரணியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.