அழுகைக்கு நான்கு காரணங்கள்: மலையக மனிதர்களைத் திரைக்கு எழுதுவது எப்படி?

[திரையில்: பனி மூடிய தேயிலை மலை. ஐந்து விநாடி.]

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பற்றிய குறும்படம் என்றால் முதல் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பனி, சரிவு, நெற்றியில் கூடைக் கயிறு, வெடித்த பாதம், பின்னணியில் புல்லாங்குழல். பத்தாவது நிமிடத்தில் அந்த அம்மா அழுவார். பார்ப்பவர்கள் "பாவம்" என்பார்கள். படம் முடிந்து வெளியே வரும்போது அவருடைய பெயர் ஒருவருக்கும் நினைவிருக்காது.

இரக்கம் வந்தது, ஆள் வரவில்லை. அந்த ஆளை எப்படி வரவழைப்பது என்று பார்ப்போம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கைபேசியை வைத்தே படம் எடுக்கிறவர்களையும், கொப்பியில் சிறுகதை எழுதிப் பார்க்கிறவர்களையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

[திரையில்: இளிவு, இழவு, அசைவு, வறுமை]

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. பரீட்சைக்காக மனனம் செய்து, மறுநாளே மறந்துவிடுகிற பகுதி. கதாபாத்திரம் எழுதுகிறவருக்கு அதைவிட உதவியான பக்கங்கள் குறைவு என்பேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் தருகிறது.

அழுகையின் நான்கு காரணங்களைப் பாருங்கள். பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உள்ளதை இழப்பது இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது அசைவு. வறுமை நான்காவதாகத்தான் வருகிறது. நம் படங்களோ நான்காவதில் தொடங்கி நான்காவதிலேயே முடிந்துவிடுகின்றன.

பெருமிதத்துக்கும் நான்கு உண்டு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. அஞ்சாமைதான் தறுகண்; புகழ்தான் இசைமை. இந்தப் பட்டியலில் செல்வம் இல்லை. லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பராவில் (அறையில்) இருப்பவருக்கும் பெருமிதம் கொள்ள நான்கு வழிகள் திறந்தே இருக்கின்றன. எழுதுகிறவர்கள்தாம் அவற்றைப் பூட்டிவிடுகிறோம்.

[திரையில்: கொழுந்து நிறுக்கும் மடுவம், தராசு]

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம். பார்வதி என்று ஒரு கற்பனைப் பெண். வயது 52. அந்த மலையிலேயே அவளுடைய கைதான் வேகம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவளுக்குப் பக்கத்து நிரையில்தான் விடுவார்கள். இன்று அவளுக்குக் காய்ச்சல். நிறுக்கப் போகும் நேரம், சாக்கைத் தூக்கும்போதே தெரிந்துவிடுகிறது: இரண்டு கிலோ குறையும். குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

முதலில் நமக்குத் தோன்றுவது என்ன? பார்வதி குமுறுவாள், "எங்கள் இரத்தத்தைக் குடிக்கிறீர்களே!" என்பாள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த வசனத்தை மலையில் இருக்கும் யார் வாயிலும் வைக்கலாம். பார்வதிதான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

இப்படி மாற்றுவோம். கொழுந்து பறிக்க அவளிடமே பழகிய செல்வி, தன் சாக்கிலிருந்து அள்ளி அவளுடைய சாக்கில் போடுகிறாள். "பெரியம்மா, எனக்கு நிறையவே இருக்கிறது." பார்வதி வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுப் பேர் விழுகிறது. மாலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், ஒரு காரணமும் இல்லாமல், செல்வியின் வாளியைத் தூக்கி நகர்த்தி வைக்கிறாள்: "வரிசை தெரியாதா உனக்கு?"

எனக்கு இந்த வாளிச் சண்டைதான் முக்கியம். கொழுந்தை வாங்க வைத்தது வறுமை. சண்டை போட வைத்தது அசைவு: நேற்றுவரை கொடுக்கிற கையாக இருந்தவள் இன்று வாங்கிவிட்டாள். யாரும் அழவில்லை, யாரும் விளக்கவில்லை. உணர்ச்சி பிறந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறு. அந்த இடைவெளியைப் பார்வையாளர் தாமே கடந்து வந்தால், பார்வதியை மறக்கமாட்டார்.

இடமும் உங்களுக்காக வேலை செய்யும். லயத்தில் அடுத்த காம்பராவில் இருமினால்கூடக் கேட்கும். அங்கே ஒருத்தி மனம்விட்டு அழ வேண்டுமென்றால் எங்கே போவாள்? கணவனும் மனைவியும் எந்தக் குரலில் சண்டையிடுவார்கள்? குரலைத் தணித்தபடி வருகிற கோபத்தை நடிக்கச் சொல்லிப் பாருங்கள்; பக்கம் பக்கமாக வசனம் தேவைப்படாது.

[திரையில்: பிளாஸ்டிக் பைக்குள் பத்திரங்கள்]

அடுத்தது வரலாறு. பலர் சறுக்குவது இங்கேதான். 1954இல் ஒரு தோட்டத்தில் பிறந்த தாத்தா என்று வைத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அவருக்குப் பத்து வயதானபோது இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. நம் தாத்தாவுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் குடியுரிமை கிடைத்தது.

இவ்வளவையும் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்வதுபோல் எழுதினால், அது பாடநூலாகிவிடும். அவர் இதைச் சொல்லவே வேண்டாம். மின்சாரப் பட்டியலைக்கூட எறியாத மனிதராக எழுதுங்கள். எந்தப் பத்திரமானாலும் இரண்டு போட்டோ பிரதி எடுப்பார். பேரன் அடையாள அட்டையைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு, "இன்னொன்று எடுத்தால் போகிறது" என்று சிரிக்கிறான். தாத்தா அன்று இரவு சாப்பிடவில்லை. பேரனுக்குக் காரணம் புரியாது. உங்களுக்குப் புரிந்திருந்தால் போதும், அது நடிப்பவரின் கண்ணுக்கு வந்துவிடும்.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் மலையகத்தில் மாசி மாதம் ஆடும் மன்மதன் - ரதி கதையான காமன் கூத்தை ஒருமுறை விடிய விடியப் பார்க்கலாம். மன்மதன் எரியப்போகிறான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ரதி தடுக்கிறாள், மதன் கிளம்புகிறான். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் கூட்டம் எழுந்து போவதில்லை.

[திரையில்: மீண்டும் தராசு, அதன் பின்னால் நிற்கும் மனிதன்]

நியாயம் என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும்: கொழுந்து நிறுப்பவர். ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோ கழிக்கிற அவரை முறுக்கு மீசையோடு, உறுமுகிற வில்லனாக நாம் நிறையவே எடுத்துவிட்டோம். அவரும் அதே லயத்தில் இருக்கலாம். கழிக்கச் சொன்னவர் அலுவலகத்தில் இருக்கிறார். திட்டு வாங்குவது இவர். மனைவியும் அதே மலையில் கொழுந்து பறிக்கிறாள். வரிசையில் பார்வதிக்கு அடுத்து நிற்பது அவள்தான்.

இப்போது உங்கள் முறை. பார்வதியின் சாக்கில் கழித்த கையால் மனைவியின் சாக்கில் எவ்வளவு கழிப்பார்? ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், வசனமும் வேண்டாம். யார் யார் தராசைப் பார்க்கிறார்கள், யார் பார்க்காததுபோல் நிற்கிறார்கள் என்று மட்டும் எழுதி, கீழே கருத்துப் பகுதியில் இடுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றில் சிலவற்றைச் சேர்ந்து வாசிப்போம்.