பீரோவில் இருக்கும் சுங்குடி

நேயர்களுக்கு வணக்கம். பங்குனி முடியப் போகிறது. புத்தகக் கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். மதுரைக்காரர்களுக்கு அது சுள்ளென்ற வெயில். கடையில் பருத்தி டாப் எடுக்கக் கூட்டம் கூடும் நேரம். போவதற்கு முன்னால் ஒருமுறை பீரோவைத் திறந்து பாருங்கள். பத்து வருஷம் கட்டித் துவைத்த சுங்குடிப் புடவையைவிட நல்ல கோடைத் துணியை நான் இதுவரை தைத்ததில்லை.

புதுப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே 42 அங்குல நீளத்தில் இரண்டு அங்குலம் போய்விடும். எனக்கென்று முதன்முதலில் தைத்த டாப்பை, ஆசையில் நனைக்காமலே வெட்டிவிட்டேன். ஒரு துவையலுக்கு அப்புறம் அது என் தங்கை மகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. புதுத் துணியில் கஞ்சி வேறு. விறைப்பாக நிற்பது, அலசியதும் மெலிந்துபோகும். சாயமும் கொஞ்சம் இறங்கும். பழைய புடவை இந்தச் சேட்டையையெல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சில் போட்டதென்றால் எல்லாம் ஒரே வார்ப்பு. உங்களிடம் இருப்பது முடிச்சுப் புடவை என்றால் தயவுசெய்து வெட்டாதீர்கள், கட்டிக்கொள்ளுங்கள்.

மற்றதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். கொசுவம் வருகிற இடமும் குதிகால் உரசுகிற ஓரமும் சல்லடையாகத் தெரியும். அந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்கிவிட வேண்டும். புடவையின் அகலம் 45, 46 அங்குலம் வரும். அதையே டாப்பின் நீளமாக வைத்து வெட்டினால் பார்டர் கீழ் விளிம்பில் தானாக வந்து நிற்கும். அடி மடித்துத் தைக்கிற வேலையும் மிச்சம். ஊசி 11ஆம் நம்பர் போதும். நூலும் மெல்லியதாக இருக்கட்டும். முரட்டு நூல் போட்டால், இழுபடும்போது தையல் தாங்கிக்கொள்ளும், நைந்த துணிதான் கிழியும்.

இனி நான் விடாப்பிடியாகச் செய்கிற ஒரு காரியம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் டாப் மொத்தமும் மேலே ஏறுகிறதே, ஏன்? கை, உடம்பு இரண்டும் சேரும் அக்குளில் துணி போதவில்லை. அளவைக் கூட்டினால் தோள் இறங்கித் தொங்கும். அதனால் மூன்றங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, கையின் தையலும் பக்கத் தையலும் சந்திக்கிற இடத்தில் மூலைவாட்டில் வைத்துத் தைத்துவிடுவேன். கையைத் தூக்கினால் அந்தத் துண்டு விரியும், டாப் அசையாது. வியர்வையில் முதலில் நைவதும் அந்த இடம்தான் என்பதால், நைந்தால் துண்டை மட்டும் மாற்றலாம். மூலைகளைத் திருப்புவது முதல் இரண்டு தடவை எரிச்சலூட்டும். பிரிக்கிற ஊசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாக்கெட். பெண்கள் உடுப்பில் பாக்கெட் வைக்க ஏன் இத்தனை கஞ்சத்தனமோ! இடுப்புக்கும் பக்கவாட்டு வெட்டுக்கும் நடுவே ஆறங்குலம் இருந்தால் போதும், தையலுக்குள்ளேயே வைத்துவிடலாம். பையை மட்டும் கெட்டியான பாப்ளினில் வெட்டுங்கள். சுங்குடித் துணி போனின் கனத்துக்குத் தொங்கிவிடும். வெட்டு ஆரம்பிக்கிற முனையில் நான்கைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டியாக்குங்கள். டாப் கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

போன வாரம் அம்மாவின் மாம்பழ நிறப் புடவை ஒன்றை இப்படித்தான் வெட்டினேன். ஒரு டாப் வந்தது. தலைப்போடு சேர்த்து ஒன்றரை மீட்டர் மிச்சம். மகள் தனக்கு ஒரு பாவாடை வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் தலையணை உறை போதுமே என்கிறார். கத்தரிக்கோலை நான் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை. வணக்கம்.