களியக்காவிளைக்கு முன்னால் ஒரு போலிச் சாவடி

நேயர்களுக்கு வணக்கம். குளச்சலில் இருக்கும் என் அக்காவின் பழைய கைப்பேசியில் சார்ஜ் முழுவதும் இறங்கிவிட்டால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பிறகு எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வரும். ஒவ்வொரு தளமும் தான் உண்மையானதுதான் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும்; தேதி தவறினால் நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தெரியும். அக்கா அசருவதில்லை. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் 'தொடர்க' என்பதைத் தட்டிவிட்டு, "இது எப்போதும் இப்படித்தான்" என்பார்.

அந்த ஒரு தட்டலுக்காகத்தான், நமக்கும் தளத்துக்கும் நடுவில் புகுந்து உளவு பார்க்கும் திருடன் காத்திருக்கிறான்.

குழித்துறையிலிருந்து சீல் வைத்த முந்திரி லாரி திருவனந்தபுரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளைக்குச் சற்று முன்னால் ஒருவன் போலிச் சோதனைச் சாவடி போடுகிறான். சீலை உடைத்துச் சரக்கைப் பார்த்துவிட்டு, தன் சீலை வைத்து அனுப்புகிறான். அங்கே வாங்குபவர் சீலில் உள்ள எழுத்தைப் படித்தால் பிடிபடுவான். படிக்காமல் கையெழுத்திட்டால் தப்பினான். இணையத்தில் அந்தச் சீல்தான் சான்றிதழ்; நம் கைப்பேசியில் அதன் எழுத்தைப் படிப்பது பிரவுசர். கன்னியாகுமரியில் படகுக்கு வரிசையில் நிற்கும்போது கண்ணில் படும், கடவுச்சொல் கேட்காத வைஃபை அப்படியொரு சாவடியாக இருக்கலாம். அதற்கு எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம்.

சீலை உடைக்கவே வேண்டாம், லாரியைச் சீல் இல்லாமலே புறப்பட வைத்தால், அதாவது பாதுகாப்பில்லாத இணைப்பிலேயே தளத்தைத் திறக்க வைத்தால் போதும் என்று 2009இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற ஆய்வாளர் செய்து காட்டினார். அதற்கு மருந்தாக, பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே தன்னைத் திறக்கும்படி ஒரு தளம் பிரவுசருக்குச் சொல்லிவைக்கும் ஹெச்எஸ்டிஎஸ் (HSTS) என்ற நெறிமுறை 2012இல் வந்தது. அதைக் கடைப்பிடிக்கும் தளங்களில் சான்றிதழ் பிசகினால் 'தொடர்க' என்ற வழியையே பிரவுசர் காட்டாது. என் அக்காவுக்காகவே செய்தது போல!

சீல் செய்யும் பட்டறையிலேயே திருடன் புகுந்ததும் உண்டு. 2011இல் சான்றிதழ் வழங்கும் பட்டறையான நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரில் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் பலரின் ஜிமெயில் உளவு பார்க்கப்பட்டது. அதே ஆண்டு நிறுவனம் திவாலானது. எந்தப் பட்டறையை நம்பலாம் என்ற பட்டியல் அப்டேட்டுடன்தான் வருகிறது. ஆகவே அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வைஃபை வேண்டுமானால் ஒரு சான்றிதழை நிறுவுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்; அது திருடனின் பட்டறையையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது போலாகிவிடலாம். வங்கி வேலைக்குச் சொந்த சிம்மின் இணையமே போதும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

போன வாரம் அக்காவின் கைப்பேசியில் தேதி தானாகச் சரியாகும்படி வைத்துக் கொடுத்தேன். எச்சரிக்கை வரவில்லை. "இப்போது எதைத் தட்டுவது?" என்று கேட்டார்.