தோற்ற படம்தான் அவர் பெயரைத் தாங்குகிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் சினிமா ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஜான் கார்ப்பென்டரின் பெயரை நிலைக்கச் செய்தது வென்ற ஹாலோவீனா, தோற்ற தி திங்கா?' என்பது தலைப்பு. கார்ப்பென்டர் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர், இரண்டுமே அவர் இயக்கிய திகில் படங்கள். தி திங்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் வசூல் கணக்கைச் சொன்னார். 1978இல் மூன்று லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த ஹாலோவீன், உலகம் முழுக்க ஏழு கோடி டாலர் வரை ஈட்டியது என்றார். உண்மைதான். அந்தப் படத்தின் அருமையை நான் குறைக்கப் போவதில்லை. இல்லினாயில் அக்டோபர் மாதம் நடக்கும் கதையை, கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்தார்கள். இலையுதிர் காலத்துக்கு எங்கே போவது? சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அள்ளி, அடுத்த காட்சிக்கு மறுபடி தூவினார்கள். கொலைகாரனின் முகமூடி, கடையில் வாங்கிய, ஸ்டார் டிரெக் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் முகமூடி. வெள்ளையடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான். இசையும் கார்ப்பென்டரே. இசைப் பேராசிரியரான அப்பா சிறு வயதில் சொல்லிக் கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளத்தை பியானோவில் வைத்தார். இன்றைக்கும் அதைக் கேட்டால் முதுகு சில்லிடுகிறது.

சரி, அந்த வெற்றி அப்புறம் யாருடைய பெயரைச் சுமந்தது? அதுதான் கேள்வி. 1980இல் ஃப்ரைடே தி தேர்ட்டீன்த் வந்தது. பின்னாலேயே கத்தி, இளம்பெண், இருட்டு வீடு என்று ஒரே அச்சில் வரிசையாகப் படங்கள். 1982இல் மூன்றாம் ஹாலோவீனை கார்ப்பென்டரும் முதல் படத்தின் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் தயாரித்தபோது, ஒவ்வொரு படமும் தனிக் கதையாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். முகமூடிக்காரன் மைக்கேல் மயர்ஸ் அதில் இல்லை. ரசிகர்கள் ஏற்கவே இல்லை. 1988இல் அடுத்த பாகம் வந்தபோது, மைக்கேல் மயர்ஸின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு அவனைத் திரும்பக் கூட்டி வந்தார்கள், கார்ப்பென்டர் விலகிவிட்டார். ஹாலோவீன் நிலைக்கச் செய்தது மைக்கேல் மயர்ஸின் பெயரை, நடுவர் அவர்களே. நம் தலைப்பு கார்ப்பென்டரின் பெயரைப் பற்றியது.

இப்போது தி திங்குக்கு வருகிறேன். 1982 ஜூன் 25ஆம் தேதி வெளியானது. சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவு. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஈ.டி. வந்திருந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒரு நல்ல ஜீவனுக்காக அமெரிக்காவே அழுதுகொண்டிருந்த கோடை அது. அந்த நேரத்தில் கார்ப்பென்டர் காட்டியது வேறொரு ஜீவன். யாரைத் தொட்டு விழுங்குகிறதோ, அவராகவே மாறிவிடும். அதே முகம், அதே குரல், அதே பேச்சு. அண்டார்டிகாவில் ஓர் ஆய்வு முகாம், பன்னிரண்டு ஆண்கள், வெளியே போனால் பனியில் சாவு. உள்ளே இருப்பவர்களில் யார் மனிதன்?

ரத்தச் சோதனைக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லோரையும் கட்டிப்போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சின்னத் தட்டுகளில் வைத்திருக்கிறார் நாயகன் மெக்ரெடி. ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு தட்டிலும் வைக்கிறார். மனித ரத்தம் சும்மா பொசுங்கும். அந்த ஜீவனின் ரத்தம் உயிருக்குப் பயந்து துள்ளும். நாமெல்லாம் எந்தத் தட்டு துள்ளும் என்றே பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அந்தக் காட்சியின் உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. சற்று முன் மெக்ரெடி சுட்டுக் கொன்ற கிளார்க்கின் ரத்தம் துள்ளவில்லை. அவர் மனிதர்தான். சந்தேகத்தில் ஒரு மனிதனைக் கொன்றாயிற்று. ஜீவன் கொன்றவர்களின் கணக்கு ஒரு பக்கம், பயம் கொன்றவர்களின் கணக்கு இன்னொரு பக்கம். திகில் படத்தில் இவ்வளவு பெரிய விஷயத்தை நீண்ட விளக்கம் இல்லாமல் வைத்தார் பாருங்கள், அதற்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினி வரைகலை இல்லாத காலம். ராப் பாட்டின் என்ற, இருபத்திரண்டு வயதில் இந்தப் பொறுப்பை ஏற்ற கலைஞர், ரப்பரையும் பிசினையும் வைத்துக் கிட்டத்தட்ட அத்தனை உருவங்களையும் செய்தார். ஓய்வில்லாமல் உழைத்து, வேலை முடிந்ததும் மருத்துவமனையில் படுத்துவிட்டார். நோயாளியின் மார்பு வாயாகத் திறந்து மருத்துவரின் கைகளைக் கடித்துத் துண்டிக்கும் காட்சிக்கு, இரு கைகளையும் இழந்த ஒருவரை வரவழைத்து, செயற்கைக் கைகள் பொருத்தி எடுத்தார்கள். இன்று பார்த்தாலும் உடம்பு கூசுகிறது.

இதற்கெல்லாம் கிடைத்த பரிசு? விமர்சகர்கள் அருவருப்பு என்றார்கள். அமெரிக்காவில் இரண்டு கோடி டாலரைக்கூட எட்டவில்லை. அடுத்து இயக்க இருந்த ஃபயர்ஸ்டார்ட்டர் கைநழுவிப் போனது. இசையமைத்த என்னியோ மோரிக்கோனேவை அந்த ஆண்டின் மோசமான இசைக்கான ராஸி விருதுப் பட்டியலில் சேர்த்தார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2015இல் இயக்குநர் டரான்டினோ தன் தி ஹேட்ஃபுல் எய்ட் படத்தில், பனியில் ஒரே அறைக்குள் அடைபட்டு ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் மனிதர்களின் கதையை எடுத்தார். மெக்ரெடியாக நடித்த அதே கர்ட் ரஸல். அதே மோரிக்கோனே. தி திங்குக்காக எழுதிப் பயன்படாமல் போன இசைத் துண்டுகளும் அதில் இடம்பெற்றன. அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது!

கொரோனா ஊரடங்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் 'அமாங் அஸ்' விளையாடினார்களே, கூட்டத்தில் வஞ்சகன் யார் என்று கண்டுபிடிக்கும் அந்த விளையாட்டின் தூண்டுதல்களில் ஒன்று தி திங். படத்தின் பெயரே தெரியாத பத்து வயதுப் பிள்ளை அதன் பயத்தை விளையாடியிருக்கிறது. அண்டார்டிகாவில் குளிர்காலம் முழுக்கத் தங்கும் தென்துருவ நிலைய ஊழியர்கள், கடைசி விமானம் கிளம்பிய பிறகு இந்தப் படத்தைச் சேர்ந்து பார்ப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

எதிரணி நண்பர்கள் 2018 ஹாலோவீனின் பெரிய வசூலைச் சொல்வார்கள். அதை இயக்கியவர் டேவிட் கார்டன் கிரீன். கார்ப்பென்டர் இசையமைத்தார், தயாரிப்பில் துணை நின்றார். ஆனால் இயக்குநர் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தும் படம் ஓடியது. 2011இல் தி திங்குக்கும் ஒரு முன்கதை எடுத்தார்கள். பட்டறையில் கையால் செய்த உருவங்கள் மேல் கணினி வரைகலையைப் போர்த்தினார்கள். தியேட்டரில் எடுபடவில்லை, ரசிகர்கள் 1982 படத்துக்கே திரும்பிப் போனார்கள். கார்ப்பென்டர் இயக்காமலும் ஹாலோவீன் எடுக்க முடிகிறது, அவர் இயக்காமல் தி திங் எடுக்க முடியவில்லையே, ஏன்? எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.